கியர் எண்ணெயும் பச்சைத் தண்ணீரும்

கல்யாணத்திலோ கருமாதியிலோ சந்தித்துக்கொண்டால் நாமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம். அந்தக் காலத்து மனுஷர்கள் நல்லவர்கள், கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம், ஒரு வீட்டுக் குழம்பு நாலு வீட்டுக்குப் போனது என்று. நானும் வம்பு எதற்கு என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் மலாக்காவில், காஜா பெராங்கில் என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களே, கொஞ்சம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நாம் நல்லவர்களா? வேடிக்கை பார்த்துச் சிரித்தது எத்தனை தடவை? போன மாதம் உங்களில் ஒருத்தி என்னிடம், "உங்க வீட்டு வாசல்ல ஒரு பட்டாளத்து லோரி நின்னுச்சே, அது என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். லோரி ஞாபகம் இருக்கிறது மகராசிக்கு. அதை ஓட்டினவரை மறந்துவிட்டாள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட லோரி. சண்டைக் காலத்து வண்டி. மூக்கு சப்பையாக இருக்கும், கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்பாவும் கடைக்காரப் பாயும் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள். பாய் டவுனில் அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து மளிகையும் இரும்புச் சாமானும் விற்றுக்கொண்டிருந்த தமிழ் முஸ்லிம். பச்சை நிறம் தெரியக் கூடாதென்று அதன்மேல் நீலம் அடித்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் நீலம் கொஞ்சம் உரிந்து அடியில் பட்டாளத்து எண்கள் எட்டிப் பார்க்கும். உள்ளே உட்கார்ந்தால் கான்வாஸ், துரு, யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பழைய வியர்வை, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வாடைக்காகவே ஏறி உட்காருவேன்.

அப்பாவுக்கு லோரி ஓட்டத் தெரியாது. லோரிக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டையைச் சோறு வடித்த கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, லோரியின் பக்கத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவார். ஓட்டியது மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர். எங்கள் வீட்டிலேயே, அடுப்படிக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தகரப் பெட்டியும் பாயுமாகத் தங்கியிருந்தார்.

மாமாவுக்குப் பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு மாற்றியாயிற்று. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். "சொத்து பத்து வேணாம். கையில ஒரு தொழில் இருக்கணும், பேர்ல ஒரு அழுக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்." மாமாவிடம் அந்த இரண்டும்தான் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

கியர் எண்ணெய் மாற்றுகிற நாள் எங்கள் வீட்டில் ஒரு கூத்து. எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கின இரும்புத்தூளெல்லாம் சேர்ந்து இறங்கும், ஆறினால் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வராது என்பார் மாமா. அதற்காக முதலில் லோரியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அந்தக் கொஞ்ச தூரம் எப்போதும் செமாபோக்காகத்தான் இருக்கும்.

"ஏன்டா தம்பி, உஜோங் பாசிர் பக்கம் போனா எண்ணெய் சூடாகாதா?" என்று அம்மா கேட்பாள்.

"அந்த ரோடு சரியில்லைக்கா," என்பார் மாமா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

திரும்பி வந்ததும் லோரிக்கு அடியில் படுத்துத் திருகைக் கழற்றுவார். கறுப்பு எண்ணெய் கயிறு மாதிரி சத்தமில்லாமல் சட்டியில் இறங்கும். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். வெயிலில் காட்டிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். பிறகு புது எண்ணெய். டிரைவர் காலடியில் இருக்கிற தகட்டைக் கழற்றினால் கியர் பெட்டியின் வாய் தெரியும். பழைய தேநீர்க் கித்தல் ஒன்றின் மூக்கில் ரப்பர் குழாயைச் செருகி அதன் வழியாக ஊற்ற வேண்டும். மேலே ஒருவர் ஊற்ற, கீழே படுத்திருப்பவர் பக்கத்துத் துவாரத்தில் விரல் வைத்து, எண்ணெய் விரலைத் தொட்டதும் போதும் என்பார். மேலேயிருந்து ஊற்றுகிறவள் பெரும்பாலும் நான்தான். அம்மா லோரியில் ஏற மாட்டாள்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கொடிக்கம்பம், மேடைப் பலகை, நாற்காலி என்று திடலுக்குச் சாமான் ஏற்ற லோரி தேவைப்பட்டது. பாய் எப்படியோ பேசி அந்த வேலையை வாங்கிவிட்டார். அப்போதுதான் அப்பா ஒரு புது எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். டின் பளபளவென்று இருந்தது. திறந்தால் அழுகின முட்டையும் வெங்காயமும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் இப்ப எல்லா லோரியிலயும் ஊத்துறாங்க. பழைய எண்ணெயைவிட நாலு மடங்கு தாங்கும்னு எண்ணெய்க் கடைச் சீனத் தவுக்கே சொல்றான்," என்றார் அப்பா.

மாமா மோந்து பார்த்தார். "இது பின்னாடி ஆக்ஸிலுக்கு நல்லது அத்தான். கியர் பெட்டிக்கு வேணாம். இந்த லோரிப் பெட்டிக்குள்ள பித்தளை வளையம் இருக்கு. இதுல கந்தகம் மாதிரி என்னமோ கலந்திருக்கான். சூடேறினா பித்தளையைத் தின்னுரும். இதுக்குச் சாதா எண்ணெய்தான் சரி."

"உனக்கு யாரு சொன்னா?"

"பட்டாளத்துல பார்த்திருக்கேன்."

"பட்டாளத்துல நீ சட்டி கழுவுனே."

மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் விடவில்லை. அம்மாவிடம் கெஞ்சி அவளுடைய பித்தளைக் குங்குமச் சிமிழை வாங்கினார். மூடியை நாற்ற எண்ணெயிலும் அடியைச் சாதா எண்ணெயிலும் தனித்தனி பால் டின்களில் போட்டு அடுப்பு மேடை ஓரத்தில், சூடு படுகிற இடத்தில், பத்து நாள் வைத்தார். வெளியே எடுத்தபோது சிமிழின் அடி மஞ்சளாகவே இருந்தது. மூடி கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. நகத்தால் கீறினால் பொடி வந்தது. அம்மாவுக்கு அந்தச் சிமிழ் கல்யாணத்துக்கு வந்தது. அவள் மூடியை எடுத்துக் கூரைக்கு அடியில் செருகி வைத்தாள்.

மாமா அந்த மூடியைத்தான் பாயிடம் காட்டினார். அங்கேதான் தப்பு செய்தார். அப்பாவிடம் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். பாய் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க மச்சானுக்கு விஷயம் தெரியுதே. அவர் சொல்றபடியே செஞ்சுருவோம்லா," என்றார். பெட்டிக்குச் சாதா எண்ணெய், பின் ஆக்ஸிலுக்கு நாற்ற எண்ணெய் என்று முடிவானது. அப்பா சரி என்றார். அன்றைக்கு இராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கு அது அப்போது வயிற்றுவலி என்றுதான் சொல்லப்பட்டது.

அந்தப் பெட்டியில் ஒரு சின்ன ஒழுக்கு உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து நிரப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா பெண் வீட்டுக்குச் சைக்கிளில் போயிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"லோரியில ஏறு. எண்ணெய் ஊத்தணும்."

தகட்டைக் கழற்றினேன். குழாயைச் செருகினேன். அப்பா கித்தலை நிரப்பிக் கீழிருந்தே நீட்டினார். வாங்கும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது.

"அப்பா, இது நாத்த எண்ணெய்."

"தெரியும். ஊத்து."

"மாமா வேணாம்னு..."

"இந்த லோரிக்கு யாரு முதலாளி?"

ஊற்றினேன். கீழே படுத்து அளவு பார்க்க அப்பாவுக்கு மனசில்லை, சட்டை அழுக்காகிவிடும். அதனால் அவர் குத்துமதிப்பாகப் போதும் என்று சொல்கிறவரை ஊற்றினேன். அப்புறம் சாதா எண்ணெய் டின்னை எடுத்துக் கொண்டுபோய் அதே அளவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டினார். டின்னைத் தூக்கிப் பார்த்தால் மாமாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதே. வாய்க்கால் தண்ணீரில் ஊதாவும் பச்சையுமாக வட்டம் வட்டமாக விரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அவன் சொல்ற எண்ணெய் இல்லாம லோரி ஓடுதா இல்லையான்னு பார்ப்போம். சுதந்திரத்தன்னிக்கு பாய் முன்னால சொல்லி மூக்கை உடைக்கிறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே," என்றார். சிவப்புச் சர்பத் ஊற்றின ஐஸ் உருண்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார். கை விறைக்க விறைக்க உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மாமாவிடம், "பெட்டியில குறைஞ்சிருந்துச்சு, சாதா எண்ணெய் நிரப்பியாச்சு," என்று அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் நாக்கு சிவப்பாக இருந்தது. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார்.

லோரி நாறியது உண்மை. ஆனால் பின் ஆக்ஸிலிலும் அதே எண்ணெய் இருந்ததால் மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரம் நிரப்பும்போதுகூடக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டு ஆள் சொன்னால் நம்புகிற மனுஷர்.

இரண்டு மாதம் ஓடியது. கொண்டாட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு திடலுக்குப் போகிற வழியில், நடுத்தெருவில் லோரி நின்றது. கியர் உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. மேடை வேலை பார்த்த அதிகாரி அங்கேயே வேறொரு லோரியை வரவழைத்து நாற்காலிகளை மாற்றி ஏற்றச் சொல்லிவிட்டார். பாய்க்குக் கிடைத்த வேலை அந்த இடத்திலேயே போயிற்று. ஊரே பார்க்க மாட்டுவண்டி மாதிரி லோரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் மாமா அடியில் படுத்துத் திருகைக் கழற்றினார். பாயும் அப்பாவும் நின்றார்கள். எண்ணெய் இறங்கியது. அப்படி ஓர் எண்ணெயை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. கறுப்புக்குள்ளே தங்கப்பொடி தூவின மாதிரி வெயிலில் மின்னியது. அவ்வளவும் பித்தளை. மாமா சட்டியில் கையை விட்டுத் துழாவினார். உடைந்த வளையத் துண்டு ஒன்று கையோடு வந்தது. மோந்து பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"அத்தான், அன்னைக்கு ஞாயித்துக்கிழமை எதை ஊத்துனீங்க?"

"நானா? நான் எங்கடா ஊத்துனேன்?"

"நீங்கதானே நிரப்பியாச்சுன்னு சொன்னீங்க."

"நான் அந்த லோரியில கையே வைக்கலை. என் சட்டையில என்னைக்காவது ஒரு சொட்டு எண்ணெய் பார்த்திருக்கியா? ரெண்டு டின்னையும் வச்சிருந்தவன் நீ. பொண்ணு வீட்டு நெனப்புல மாத்தி ஊத்திட்டு என் தலையில கட்டுறியா?"

கையே வைக்கவில்லை என்றது பொய் இல்லை, பாருங்கள். கை என்னுடையது. நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு யாரு ஊத்துனான்னு தெரியணும். தெரியாம இந்தக் கூட்டு இனிமே நடக்காது," என்றார்.

"நான் சத்தியம் பண்றேன் பாய்," என்றார் மாமா. "முனீஸ்வரன் கோயில்ல கற்பூரம் அடிச்சு அணைக்கிறேன். எனக்கு அடுத்து அத்தானும் அணைக்கட்டும். பொய் சொன்ன கை சுடட்டும்."

எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. உங்களுக்குத் தெரியாததா. அந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போனவர்களைவிட முனீஸ்வரனிடம் போனவர்கள்தான் அதிகம். அப்பாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "சரி, வா. இப்பவே வா," என்றார். பாய், "நான் வெளிய நிக்கிறேன், நீங்க உங்க முறைப்படி பண்ணுங்க," என்றார்.

மாமாவின் கை முழங்கைவரை கறுப்பாக இருந்தது. இந்தக் கையோடு சாமி முன்னால் போகக் கூடாதென்று என்னைக் கூப்பிட்டார். மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சாய்த்தேன். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கியர் எண்ணெய் லேசில் போகுமா? வேட்டி மாற்றிக்கொண்டு, "சவுக்காரம் எடுத்துட்டு வாம்மா," என்றார்.

"சவுக்காரம் கூடாது," என்றார் அப்பா. "சத்தியத்துக்குப் பச்சைத் தண்ணிதான். தலையில மூணு வாளி ஊத்திக்கிட்டு ஈர வேட்டியோட வரணும். அதுதான் முறை."

முறை அதுதான், பொய்யில்லை. மூன்று வாளியையும் நானே ஊற்றினேன். மாமாவின் கையில் தண்ணீர் நிற்கவில்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. மண்ணெண்ணெய்ப் போத்தல் குழாயடியில் அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செருப்பால் ஓரமாகத் தள்ளினார். காலில் இடறாமல் இருக்கத் தள்ளினாரா, தெரிந்து தள்ளினாரா என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்துதான் என்று என் மனம் சொல்கிறது. தினம் அந்தப் போத்தலில் நனைத்த துணியால் அடுப்புப் பற்றவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

ஆமாம். எனக்கும் தெரியும்.

கோயில் என்றால் தகரக் கூரை, ஒரு அரிவாள், ஒரு கல். அதற்குள் விஷயம் பரவி முப்பது பேர் கூடிவிட்டார்கள். உங்களில் நாலைந்து பேர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தீர்கள், கையில் கச்சான் கடலைப் பொட்டலத்தோடு. பூசாரி பித்தளைத் தட்டில் கோழிமுட்டை அளவுக்குக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். நான் என் இரண்டு கையையும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். சாமி யார் ஊற்றினது என்று தேடினால் என்னிடம்தான் வரும். சாமி, என் கையைச் சுடாதே, வேறு யார் கையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேண்டினேன். பத்து வயதில் இவ்வளவு தெளிவாக வேண்டிக்கொள்ள முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

"அந்த எண்ணெயை நான் ஊத்தலை," என்று சொல்லி மாமா ஓங்கி அடித்தார்.

கற்பூரம் அணையவில்லை. விரல்களுக்கு நடுவே நீலமாக ஏறி, மணிக்கட்டுக்கு வந்து, மஞ்சளாகப் பிடித்துக்கொண்டது. உருகின கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. மாமா கையை உதறினார். உதற உதறப் பெரிதானது. உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, கை மட்டும் தீவட்டியாக எரிகிறது. பிறகு ஒரு குரல், "ஈரக் கையில நெருப்புப் பிடிச்சிருச்சுடா!" என்றது. இன்னொன்று, "யாரும் கிட்டப் போவாதீங்க, சாமி போட்ட நெருப்பு!" என்றது. யாரும் போகவில்லை. ஒரு அடி பின்னால்தான் நகர்ந்தார்கள். அவர் ஓட, கூட்டம் விலக, அவர் திரும்ப, கூட்டம் மறுபடியும் விலகியது. அம்மா ஓடினாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் பக்கத்து வீட்டுச் செட்டி அக்காதான் போனாள். மலாய் பேசுகிற மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். தோளில் கிடந்த துணியை எடுத்து மாமாவின் கையைச் சுற்றி நெஞ்சோடு சேர்த்து அமுக்கினாள். அணைந்தது. தோல் கருகின வாடைக்கு நடுவே அவள் மூக்கைச் சுளித்து, "இனி பாவ் மிஞாக் தானாலா!" என்று கத்தினாள். இது மண்ணெண்ணெய் வாடை என்கிறாள். அங்கே மலாய் தெரியாதவர் ஒருவருமில்லை.

அப்பா சொன்னார்: "லோரிக்காரன் கையில மண்ணெண்ணெய் வாடை வராம மல்லிப்பூ வாடையா வரும்?"

சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பயத்துக்கு அப்புறம் வருகிற சிரிப்பு அது, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் கை தப்பித்ததே. அதற்கப்புறம் அப்பா கற்பூரம் அணைக்க வேண்டிய தேவையே வரவில்லை. வெளியே நின்ற பாய், "அல்லா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாதான் மாமாவை ஒரு சைக்கிள் திரிஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வலது கை. கட்டை விரலும் சுண்டு விரலும் தப்பின, நடுவில் இருந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கம் மடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வாரமே செமாபோக்கிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "சாமியே சொன்ன பிறகு நாங்க என்னத்தைச் சொல்றது," என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் மாமா படுத்திருந்தார். அந்தப் பலகை எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் மூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

சுதந்திர நாளன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு திடலுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் கத்தியதைப் பார்த்து நானும் கத்தினேன். எதற்கு என்று தெரியாது. கியர் பெட்டி மாற்றிய பிறகு லோரி இன்னும் ஆறு வருஷம் ஓடியது, வேறு ஆள் ஓட்டினான். அப்பா பாயுடன் கடைசிவரை கூட்டாளியாகவே இருந்து, நல்ல பேரோடு, பெரிய ஊர்வலத்தோடு போய்ச் சேர்ந்தார். மாமா ஜோகூர் பக்கம் ஒரு பலகை ஆலையின் வாசலில் காவலுக்கு இருந்ததாகச் சொன்னார்கள். கல்யாணம் இல்லை. அப்பாவின் சாவுக்கு வந்து, யாரோடும் பேசாமல், இடது கையால் வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போனார்.

அவர் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சுதந்திரம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்த எண்ணெயை ஊத்துனது நான்தான். அப்பா ஊத்தச் சொன்னாரு. மண்ணெண்ணெயும் நான்தான் ஊத்துனேன். அதனாலதான் பத்திக்கிச்சு. சாமி இல்லை."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான் சொன்னதில் அவளுக்குப் புதுசு எதுவும் இல்லை என்று.

"உனக்கு அப்பா வேணுமா, மாமா வேணுமா?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவில்லை. "அப்பா," என்றேன்.

"அப்ப வாயை மூடு. செத்தாலும் திறக்காதே."

தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பெரிய மீனாகப் பார்த்து வைத்தாள். "மாமாவுக்குக் கை முடியாது. போய் ஊட்டிவிடு. சாயங்கால பஸ்ஸுக்குப் போகணும்," என்றாள். அப்போதும் முகத்தைக் காட்டவில்லை.

தடுப்பைச் சுற்றிப் போனேன். மாமா சட்டை போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டார். முள் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்து மென்று விழுங்கினார்.

பிறகு கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எவ்வளவும்மா ஊத்துனே?"

"அரைக் கித்தல், மாமா."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"அரைக் கித்தலோட ரெண்டு மாசம் தாங்கியிருக்கு. நல்ல பெட்டி," என்றார்.

அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். தட்டு காலியாகும்வரை ஊட்டினேன்.